சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கடல்

சிங்கப்பூர் மரினா பேயிலிருந்து வடக்கே கிளம்பும் உல்லாசக் கப்பல்களில், பினாங்குக்கு முந்தின இரவு எல்லாச் சாப்பாட்டு மேசைகளிலும் ஒரே பேச்சுதான். நாளைக்கு இறங்கியதும் பீச்சா, ஊர் சுற்றலா? கப்பல் காலையில் ஸ்வெட்டன்ஹாம் துறைமேடையில் அணையும், மாலையில் கிளம்பிவிடும். இடையில் கிடைப்பது ஒரு பகல். அதற்குள் இரண்டையும் திணிக்கப் பார்த்தால் இரண்டுமே அரைகுறையாகும். ஊர் சுற்றல் என்றால் கப்பலிலேயே சீட்டு வாங்கிக்கொள்ளலாம். வழிகாட்டியோடு பஸ் வந்து நிற்கும். ஜார்ஜ் டவுன் பழைய நகரத்தில் நடை, ஏர் ஈத்தாமில் கெக் லோக் சி புத்தர் கோயில், கொடிமலைக்கு ஏறும் ரயில். காசு கூடுதல்தான். ஆனால் அந்தப் பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும்; சொந்தமாக வெளியே போனவர்களுக்காகக் காத்திருக்காது. பீச் என்றால் பத்து பெரிங்கி. தீவின் வடகரையில், நகரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் போல.

எங்கள் மேசையில் இந்தப் பேச்சு கொஞ்சம் சூடாகவே நடந்தது. எனக்கும் என் அண்ணனுக்கும் நடுவில். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன்தான் எங்கள் இருவரையும் நாகப்பட்டினத்திலிருந்து வரவழைத்து, மருமகள், பேத்தி, பேரனோடு சேர்த்துக் கப்பலேற்றினான். அண்ணனுக்கு எழுபது ஆகிவிட்டது. நான் அவருக்கு இளையவள். நாங்கள் இருவரும் பிறந்து வளர்ந்தது பினாங்கில்.

“பினாங்குல போய் இறங்கிட்டு பீச்சுக்குப் போறேங்கிறியே, இது என்னம்மா பேச்சு?” என்றார் அண்ணன். “அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு. நாம இருந்த தெருவைப் பாக்க வேணாமா? மணல்தான் வேணும்னா அடுத்து ஃபூக்கெட்ல பாத்துக்கலாமே.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஃபூக்கெட்டில் பத்தோங் வளைகுடாவிலேயே கப்பல் நங்கூரம் போட்டு நிற்பதுண்டு. அங்கிருந்து சிறு படகுகளில் நேரே கடற்கரைக்கே கொண்டுபோய் விடுவார்கள். மணல் வெளுப்பு, நல்ல பருவத்தில் தண்ணீரும் தெளிவு. பினாங்குக் கடல் அப்படியில்லை. மலாக்கா நீரிணையின் தண்ணீர் அங்கே கலங்கல்தான். சொறிமீன் தொல்லையும் சில சமயம் உண்டு. முதல்முறையாகப் பினாங்கு போகிறவர்கள் யார் கேட்டாலும் நானும் அண்ணன் சொன்னதையேதான் சொல்வேன். கடற்கரையை ஃபூக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஜார்ஜ் டவுனில் நடங்கள். 2008 இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர் அது. 1818 இல் எழும்பிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், குயின் ஸ்ட்ரீட்டில் 1833 இன் மாரியம்மன் கோயில், நம் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சூலியா ஸ்ட்ரீட்டில் நாகூர் தர்காவின் சாயலில் ஒரு சின்ன தர்கா. குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்து பார்த்துவிடலாம். அவ்வளவு நெருக்கம்.

ஆனால் எனக்கு அந்த ஒரு பகலில் வேண்டியிருந்தது கடல்.

“தெருவை நான் பாத்துட்டேன் அண்ணே. கடலைத்தான் பாக்கல.”

“கடலைப் பாக்கலையா? கடல் தாண்டித்தானே ஊருக்கு வந்தோம்?”

தாண்டினோம். அதில் சந்தேகமில்லை. எங்கள் அப்பாவும் தாண்டினார், எங்களுக்கு முன்னால் எத்தனையோ ஆயிரம் பேர் தாண்டினார்கள். அப்படித் தாண்டியவர்களில் எத்தனை பேர் ஒரு நாளாவது வேலையில்லாமல், மூட்டையில்லாமல், அந்தத் தண்ணீரில் இறங்கி நின்றிருப்பார்கள் என்று நான் பல வருடமாக யோசித்திருக்கிறேன்.

அப்பா நாகப்பட்டினத்துக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து, இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தைய காலத்தில், மீசை அரும்பும் வயதில் கப்பலேறியவர். டெக் டிக்கெட். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கப்பல் என்றால் ரஜூலாதான். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1926 இல் இறக்கிய கப்பல். ஐயாயிரம் டெக் பயணிகள் வரை அதில் அள்ளிப் போட்டுக்கொண்டு போகலாம் என்று அனுமதி இருந்தது. மதராஸில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, வங்கக் கடலைக் கடந்து பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போகும். பாய் விரித்த இடம்தான் வீடு. தலைமாட்டில் தகரப் பெட்டி. ஏறுவதற்கு முன்னால் நாகூர் ஆண்டவருக்கு ஒரு காசு முடிந்து வைப்பதில் இந்து, முஸ்லிம் என்று யாரும் பார்த்ததில்லை.

பினாங்கு வந்ததும் டெக் ஆட்களை நேரே ஊருக்குள் விட்டுவிட மாட்டார்கள். பக்கத்தில் ஜெரஜாக் என்று ஒரு தீவு. அம்மை, காலரா ஒன்றும் இல்லையென்று தெரியும்வரை அங்கே வைத்திருப்பார்கள். பினாங்கில் அப்பா கால் வைத்த முதல் இடம் அதுதான். கட்டியிருந்த துணியைக்கூட வாங்கிக்கொண்டு போய் ஆவியில் வேகவைத்துத் தந்தார்கள் என்பதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வேறு எதைப் பற்றியும் அவர் இரண்டு முறை குறைபட்டுக்கொண்டதில்லை. இதை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். அதே ஜெரஜாக்கில் 1969 இல் சிறைச்சாலை வைத்தார்கள். 1993 இல் அதை மூடினார்கள். அதன் பிறகு அங்கே ஓய்வு விடுதி வந்தது. காசு கொடுத்து, விரும்பி, படகேறிப் போய் மனிதர்கள் தங்கினார்கள். அப்பா அதைக் கேள்விப்படாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

துறைமுகத்தில்தான் அவருக்கு வேலை. பெரிய கப்பல்கள் பல கரையை விட்டுத் தள்ளி நிற்கும். சரக்கைத் தொங்கான் என்கிற படகுகளில் ஏற்றிக்கொண்டு வந்து வெல்ட் கீயில் இறக்குவார்கள். அரிசி மூட்டை, ரப்பர் பொதி, ஈயக்கட்டி. விடியுமுன்னே போய்விடுவார். காவடித் தடியில் இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டு, ஒன்றில் சோறும் ஒன்றில் குழம்புமாகத் தமிழ் முஸ்லிம் பாய்மார்கள் துறைமுகத்துக்கே வந்து விற்ற நாசி கண்டார்தான் அவருக்குக் காலைச் சாப்பாடு. சாயங்காலம் சட்டை முதுகில் உப்புப் பூத்து வெள்ளையாக இருக்கும். அது வேர்வை உப்பா, கடல் உப்பா என்று அம்மா கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துப் போகலாம் என்ற நினைப்பு அந்த மனிதருக்கு எங்கிருந்து வரும்? ஆறு நாளும் அவர் கடலில்தானே இருந்தார்.

வீடு மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால். வீடு என்றால் ஒரு கடைவீட்டின் மாடியில் பலகை அடித்துப் பிரித்த அறை. கீழே மசாலா அரைக்கும் கடை. அந்தக் கட்டடத்தில் ஏழெட்டுக் குடும்பம் இருந்தது. குழாய் கீழே ஒன்றுதான். தண்ணீர் ஏற்றுவது என் வேலை. மரப்படிக்கட்டு செங்குத்தாக இருக்கும். வாளி தளும்பினால் கீழ்க்கடைக்காரர் சத்தம் போடுவார். கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையான அஞ்சடியில் நடந்து பள்ளிக்கூடம், திரும்பி வந்து கடைக்கு, மறுபடி தண்ணீர். அந்தத் தெருவின் ஒவ்வொரு தூணும் எனக்குத் தெரியும். எந்தக் கடையில் பாக்கி, எந்தக் கடையில் கேட்டால் கிடைக்கும், எந்தத் திருப்பத்தில் நாய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

கடலும் பக்கம்தான். கூப்பிடு தூரத்தில் எஸ்பிளனேடு. மாலையில் சில நாள் அம்மா அழைத்துப் போவாள். அங்கே கடலோரமாக நீளச் சுவர் கட்டியிருக்கும். அந்தச் சுவரில் கையூன்றி நின்று கடலைப் பார்க்கலாம், காற்று வாங்கலாம், பத்து காசுக்குக் கச்சான் கடலை வாங்கித் தின்னலாம். அலை சுவருக்குக் கீழே கல்லில் மோதும். இறங்க வழியில்லை. கடல் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது என்றுதான் எனக்குப் பதிந்திருந்தது. வடகரையில் தஞ்சோங் பூங்காவில் நீச்சல் மன்றங்கள் இருந்தன. வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டது ஒன்று, சீனர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது ஒன்று. அங்கே மணலும் இருந்தது. எங்கள் கட்டடத்துப் பையன்கள் திருட்டுத்தனமாகப் பஸ் ஏறிப் போய் அந்தப் பக்கம் குளித்துவிட்டு வருவார்கள். அண்ணனும் போவார். காதுக்குள் மணலோடு வந்து நிற்பார், அம்மா முதுகில் நாலு போடுவாள், மறுவாரமும் போவார்.

“நானும் வரேண்ணே” என்று ஒரு முறை கேட்டேன். அண்ணன் பதில் சொல்வதற்குள் அம்மா சொன்னாள்: “பொட்டப்புள்ளைக்குக் கடல்ல என்ன வேலை?”

அம்மாவை நான் குறை சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஊரில் பிள்ளைகளை உயிரோடு வளர்த்தெடுக்க வேண்டியிருந்தவள். அவளுக்கும் அந்தக் கடல் சுவருக்கு அந்தப் பக்கம்தான்.

ஆக, எங்கள் இருவருக்கும் பினாங்கு ஒன்றே ஆனாலும் கிடைத்த பங்கு வேறு வேறு. அண்ணனுக்குக் கடல் கிடைத்தது, எனக்குத் தெரு கிடைத்தது. இத்தனை வருடம் கழித்து அவர் தெருவைத் தேடுவதும் நான் கடலைத் தேடுவதும் அதனால்தான். கப்பல் சாப்பாட்டு மேசையில் இதை நான் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். பிறகு என் மகனிடம் திரும்பி, “மாப்ள, அவ சொல்றது சரிதான். அவ பீச்சுக்குப் போகட்டும். நீ என்கூட வா” என்றார்.

நாங்கள் பினாங்கை விட்டுக் கிளம்பிய கதையைப் பேரப்பிள்ளைகளுக்கு அன்று இரவுதான் முழுதாகச் சொன்னோம். 1969 இல் ஜார்ஜ் டவுனின் வரியில்லாத் துறைமுக அந்தஸ்தை எடுத்துவிட்டார்கள். ஊரே துறைமுகத்தை நம்பிப் பிழைத்த ஊர். வேலையில்லாத் திண்டாட்டம் வந்தது. அதற்கு முந்தின வருடம்தான் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க பெர்மிட் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அப்பாவிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை. வயசுக் காலத்தில் இந்தியாவுக்கே போய்விடுவோம் என்ற எண்ணத்தில் குடியுரிமைக்கு எழுதிப் போடாமல் இருந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. தோட்டங்களிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் பல்லாயிரம் தமிழர்கள் அந்தச் சில வருடங்களில் மூட்டை கட்டினார்கள். முப்பது வருடம் தோளில் சுமந்த ஊருக்கு அவர் கொடுத்ததற்கெல்லாம் ஈடாக ஒரு பெர்மிட் தாளை நீட்ட யாருக்கும் மனமில்லை. இதை எத்தனை வருடம் ஆனாலும் நான் சொல்வேன்.

ரஜூலாவில்தான் திரும்பினோம். கிழட்டுக் கப்பல் அப்போது. கீழ்த்தளத்தில் பாய் விரித்தோம். பல நாள் கடலிலேயே இருந்தும் கடலைக் கம்பிக்கு அப்பால்தான் பார்த்தேன். அம்மா என் பாவாடையைத் தன் சேலை முந்தானையோடு முடிந்து வைத்திருந்தாள். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. தள்ளி நிற்கும் கப்பலிலிருந்து ஆடுகிற படகுக்கு ஒவ்வொருவராக இறக்கினார்கள். அப்பா கடைசியாக இறங்கினார். படகில் உட்கார்ந்தவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சில வருடங்களில் ரஜூலாவை உடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 இல் அந்தக் கப்பலில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் செத்துப்போனார்கள். அத்தோடு அந்தக் கடல்வழியே நின்றது. எங்கள் ஊரில் கப்பலுக்குப் போய் வந்தவர்கள் என்று ஒரு தலைமுறை இருந்தது. இப்போது அவர்களை விரல்விட்டு எண்ணலாம். என் மகன் சிங்கப்பூருக்கு விமானத்தில் போனான். நாலு மணி நேரம்.

இப்போது இந்தக் கப்பல். அறையில் மெத்தை, குளிரூட்டி, எந்நேரமும் சாப்பாடு, மேல்தளத்தில் நீச்சல் குளம். நடுக்கடலில், கடலுக்கு மேலே, குளோரின் போட்ட தண்ணீரில் மனிதர்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் துறைமேடைக்கு இறங்கும் வழியில் ஒரு பெண் எங்கள் கப்பல் அட்டையை வாங்கி இயந்திரத்தில் காட்டினாள். சத்தம் வந்தது. போகலாம் என்றாள். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் சுற்றிப்பார்க்க வந்தால் 2023 டிசம்பர் முதல் மலேசியாவில் விசா கேட்பதில்லை. அப்பாவும் இந்தியாவிலிருந்து வந்தவர்தான். வேலை செய்ய வந்தவரைத் தீவில் அடைத்து வைத்து உள்ளே விட்டார்கள். காசு செலவழிக்க வந்த மகளைக் கும்பிட்டு வரவேற்றார்கள். துறைமேடையில் கால் வைத்ததும் எனக்கு நெஞ்சை அடைத்தது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர், மகன், பேரன் மூவரும் கப்பலில் சீட்டு வாங்கியிருந்த சுற்றுலாப் பஸ்ஸில் ஊருக்குள் போனார்கள். நான், மருமகள், பேத்தி மூவரும் வெல்ட் கீ பஸ் நிலையத்துக்கு நடந்தோம். ஜெட்டி பக்கத்தில்தான். கடலுக்குள் மரக்கால் நட்டுச் சீனக் குடும்பங்கள் குடியிருக்கும் துறைவீடுகள் இன்னும் இருக்கின்றன. அப்பா மூட்டை இறக்கிய இடத்தில் கார்கள் நின்றன.

101 ஆம் எண் பஸ். சில ரிங்கிட்தான். தஞ்சோங் பூங்கா வந்ததும் பேத்தி “அப்பாயி, கடல், கடல்” என்று கத்தினாள். மலைக்கும் கடலுக்கும் நடுவில் வளைந்து வளைந்து போகிற சாலை அது. நாங்கள் கிளம்பிய காலத்தில் பத்து பெரிங்கி வெறும் மீனவர் கிராமம்தான். பெரிய சொகுசு விடுதிகளில் முதலாவதாக வந்த ராசா சாயாங் திறந்ததே 1973 இல். இப்போது வரிசையாக விடுதிகள். ஆனால் மணல் எல்லோருக்கும் பொது. விடுதிகளுக்கு நடுவே சந்து இருக்கிறது. யாரையும் கேட்காமல் அதன் வழியே இறங்கலாம். எனக்கு அது பெரிய செய்தியாக இருந்தது. கேட்காமல் இறங்கலாம் என்பது.

மரத்தடியில் பையை வைத்துவிட்டு நின்றேன். பக்கத்தில் பட்டர்வொர்த்திலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்க் குடும்பம், பாயில் சாப்பாட்டுக் கூடையோடு. அந்த அம்மாவுக்கு என் வயது இருக்கும்.

“பசியாறிட்டீங்களாக்கா?” என்றார்.

“ஆச்சும்மா. நீங்க?” என்றேன். அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

பேசிக்கொண்டிருந்தோம். பள்ளி விடுமுறை என்றால் இங்கேதான் வருவார்களாம். தண்ணீருக்குள் நின்ற மூன்று பெண் பிள்ளைகளும் அவருடைய பேத்திகள். பெரியவள் கல்லூரி நீச்சல் போட்டியில் கலந்துகொண்டவளாம். அவள் கையை வீசி வீசிப் போய், தூரத்தில் மிதவைக்கயிற்றைத் தொட்டுத் திரும்பி வந்ததை நான் வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். தமிழ்ப் பெண், பினாங்குக் கடலில், பகல் வெளிச்சத்தில், பாட்டி கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க. என் அம்மா இதைப் பார்த்திருந்தால் முதலில் பயந்திருப்பாள். பிறகு அவளும் அந்தப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள்.

“நீங்க எறங்கலையாக்கா? இன்னிக்குச் சொறிமீன் இல்ல. கேட்டுட்டோம்.”

சுடிதாரோடேயே இறங்கினேன். மருமகள் ஒரு பக்கம், பேத்தி ஒரு பக்கம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. சுவருக்கு மேலிருந்து பார்த்த காலத்தில் கடல் சில்லென்று இருக்கும் என்றே நினைத்திருந்தேன். முழங்கால், இடுப்பு, பிறகு ஒரு அலை வந்து தோள்வரை நனைத்தது. கால் கீழே மணல் நழுவியது. உதட்டில் உப்பு. கலங்கல் தண்ணீர்தான், பாதம் தெரியவில்லை. ஜெட் ஸ்கீக்கள் இரைந்துகொண்டு போயின. வானத்தில் பாராசூட் கட்டிய ஆள் ஒருவர் பறந்துபோனார். எதுவும் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. பேத்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “அப்பாயி, மல்லாக்கப் படுங்க, நான் பிடிச்சுக்கறேன்” என்றாள். ஏழு வயதுக் குழந்தை என் தலையைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு எனக்கு மிதக்கச் சொல்லிக் கொடுத்தாள். காதுக்குள் தண்ணீர் போய் உலகத்துச் சத்தமெல்லாம் அடங்கிப்போனது. வாய்விட்டு அழுதேன். கடலில் அழுதால் யாருக்கும் தெரியாது.

மதியத்துக்கு மேல் மழை மேகம் கூடும் ஊர் அது. கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னாலாவது ஏறிவிட வேண்டும் என்பதால் மூன்று மணிக்கெல்லாம் பஸ் பிடித்தோம். ஈரத்துணியை அங்கேயே மாற்றிக்கொண்டோம். அதற்கும் இடம் இருந்தது.

இரவுச் சாப்பாட்டில் அண்ணன் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. அவர் பார்த்ததும் எனக்கு முக்கியம்தான்.

மார்க்கெட் ஸ்ட்ரீட் இப்போது லெபு பாசார். ஒலிபெருக்கியில் பாட்டு, பட்டுச்சேலைக் கடை, பூமாலை, லிட்டில் இந்தியா என்று வளைவு. எங்கள் கட்டடம் நிற்கிறது. இடிக்கவில்லை. அதற்குள் நாங்கள் இருந்த மாதிரி யாரும் இல்லை. பழைய வீடுகளுக்கு வாடகையை ஏற்றக்கூடாது என்று 1966 இல் ஒரு சட்டம் இருந்தது. அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் நகரத்தின் நடுவில் ஒண்டிக்கொண்டு பிழைக்க முடிந்தது. 2000 ஜனவரி முதல் அந்தச் சட்டம் இல்லை. வாடகை ஒரே வீச்சில் ஏறியதும் பழைய குடும்பங்கள் பல புறநகர்களுக்குக் கிளம்பிவிட்டன. எட்டு வருடம் கழித்துத்தான் யுனெஸ்கோ பட்டயம் வந்தது. மனிதர்கள் போன பிறகு சுவர்களுக்குப் பாதுகாப்பு வந்தது. எங்கள் மாடி இப்போது சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் விடுதியாம். மரப்படிக்கட்டை அப்படியே வைத்து, மெருகு பூசி, விளக்குப் போட்டிருக்கிறார்கள். அண்ணன் உள்ளே கேட்டுவிட்டு ஏறிப் பார்த்திருக்கிறார்.

“நீ தண்ணி தூக்கின படியை போட்டோ எடுக்க ரெண்டு வெள்ளைக்காரப் புள்ளைங்க வரிசையில நிக்குதுங்க” என்றார்.

ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் 2012 இல் லிதுவேனியாக்காரர் எர்னஸ்ட் சக்காரவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியத்தின் முன்னும் வரிசைதான். பேரன் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். நாசி கண்டார் கடை முன்னாலும் வரிசை. வெயிலில் நின்று வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். குழம்பு அப்பாவுக்குப் பிடித்த மாதிரியே கலந்து ஊற்றினார்கள் என்றார் அண்ணன்.

அவர்களுடைய வழிகாட்டி ஒரு தமிழ்ப் பெண். வெல்ட் கீ பக்கம் நின்று, இங்கே இந்தியாவிலிருந்து வந்த கூலியாட்கள் சரக்கு இறக்கினார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். அண்ணன் கையைத் தூக்கியிருக்கிறார்.

“எங்கப்பா இங்கதான் இறக்கினாரும்மா.”

அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாளாம். பிறகு, “ஐயா, நீங்க சொல்லுங்க” என்று தன் கையிலிருந்த ஒலிபெருக்கியை அவரிடம் கொடுத்துவிட்டாளாம். ஆஸ்திரேலியர்களும் சீனர்களும் வட இந்தியர்களும் சுற்றி நிற்க, என் அண்ணன் தொங்கானைப் பற்றியும் ஜெரஜாக்கைப் பற்றியும் சிவப்பு அட்டையைப் பற்றியும் தமிழில் பேச, அவள் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். பஸ் கிளம்ப நேரமாகிவிட்டதாம். யாரும் முணுமுணுக்கவில்லையாம். அப்பாவின் பெயரை அவள் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டாளாம், அடுத்த முறை சொல்வதற்கு. இதற்காகவே அண்ணன் ஊருக்குள் போனது சரி. நான் போயிருந்தால் எனக்குக் குரல் எழும்பியிருக்காது.

“சரி, உன் கடல் எப்படி இருந்துச்சு?” என்று கடைசியாகக் கேட்டார்.

சொன்னேன். மிதந்ததைச் சொன்னேன். அண்ணனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. “அன்னிக்கு நான் ஒன்னைய கூட்டிட்டுப் போயிருக்கணும்” என்றார். “அம்மா விட்டிருக்க மாட்டாங்கண்ணே” என்றேன். அது உண்மை.

அந்த வருடங்களில் பினாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் திரும்பி வந்தவர்கள் நாகை, தஞ்சை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களில் இன்னும் இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருந்தால் கேளுங்கள், தயங்காதீர்கள். வீட்டில் இரண்டு பேர் போனால் ஒருவர் தெருவுக்குப் போங்கள், ஒருவர் கடலுக்குப் போங்கள். ராத்திரி உட்கார்ந்து சொல்லிக்கொள்ளுங்கள். பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். வெல்ட் கீயில் 101 பஸ் ஏறும்போது வலது பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான் வரும். மாற்றுத்துணி ஒன்று கையோடு இருக்கட்டும். காலையிலேயே போய்விடுங்கள், மழைக்கு முன்னால். இறங்குவதற்கு முன் சொறிமீன் உண்டா என்று கரையில் இருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அது போதும்.